வீட்டுத் தோட்டத்தில் பெர்சிமன்: நடுவது முதல் பகிர்வது வரை



நமது மடலின் வீட்டுத் தோட்டப் பாடத்தில் இம்முறை பெர்சிமன் மரத்தை எடுத்துக்கொள்கிறோம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் பலர் உண்டு. பிளம்ஸ், பேரிக்காய், பீச் மரங்களைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பெர்சிமன் அப்படியல்ல. கன்று வாங்கி நட்டுவிடுகிறார்கள். காய்த்த பிறகுதான் குழப்பம் வருகிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஏழாண்டு வளர்த்த மரத்தின் முதல் காயைக் கடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று, “இது காட்டு மரம்” எனச் சொல்லி வெட்டிவிட்டார்கள். அந்தக் காய் இன்னும் பத்து நாள் ஜன்னலோரம் இருந்திருந்தால் தேனாக இனித்திருக்கும். தெரியாமையால் ஒரு மரம் போனது, ஏழாண்டு உழைப்பும் போனது. இந்தப் பாடம் எழுதப்பட்டதற்கு அதுவே காரணம்.

மரம் நடுவதன் நன்மையைப் பற்றிய நபிமொழியை ஜும்ஆ பயான்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இங்கே அதை விரித்து எழுதப் போவதில்லை. நட்ட மரத்தை முறையாக வளர்ப்பது, அதன் பழத்தால் யாருக்கும் தீங்கு வராமல் பார்ப்பது, மிஞ்சியதை வீணாக்காமல் பகிர்வது ஆகிய மூன்றும் அந்த நன்மையைச் சேர்ந்தவைதான் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டுப் பாடத்துக்குள் போகிறோம்.

1. இது என்ன மரம்?

பெர்சிமனின் தாயகம் சீனா. ஜப்பானிலும் கொரியாவிலும் பல நூற்றாண்டுகளாகப் பயிரிடுகிறார்கள். ஜப்பானியர் இதைக் ‘காக்கி’ என்கிறார்கள். தாவரவியல் பெயரும் அதை ஒட்டி ‘டயோஸ்பைரோஸ் காக்கி’ என்றே அமைந்தது. இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கு வட்டாரத்தில் இது நன்றாக விளைகிறது. அங்கே ‘ஜப்பானி ஃபல்’, அதாவது ஜப்பான் பழம் என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடம் நமது மலைதான். குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டிய தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணையில் பெர்சிமன் மரங்கள் இருக்கின்றன. 1874-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் பழக்காட்சிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர், ஜூலைக்குப் பிறகும் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வரலாம். பெர்சிமன் பருவம் அப்போதுதான்.

பெயர் புதிதாக இருந்தாலும் இதன் சொந்தங்கள் நமக்குப் பழக்கமானவை. பீடி சுற்றும் இலையைத் தரும் மரம் இதே குடும்பம். இலங்கைக் காடுகளின் கருங்காலியும் இதே குடும்பம். அக்காலத்தில் மீன்வலைக்குச் சாயம் ஏற்றவும் படகின் இடுக்குகளை அடைக்கவும் பயன்பட்ட பனிச்சைக்காயும் இதற்கு உறவுதான். பனிச்சைக்காயின் துவர்ப்பு வலையை இறுக்கிப் பாதுகாத்தது. அதே துவர்ப்புப் பொருள்தான் பெர்சிமன் காயிலும் இருக்கிறது. வலையைப் பதப்படுத்திய பொருள் நம் நாக்கை என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மரம் உறுதியானது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது, பாதி கருகியும் உயிர்தப்பிய மரங்களில் ஒரு பெர்சிமனும் இருந்தது. 1994-இல் ஒரு மர மருத்துவர் அதற்குச் சிகிச்சை செய்து, அதன் விதையிலிருந்து கன்றுகளை வளர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கன்றுகள் இன்று பல நாடுகளில் வளர்கின்றன. மரம் இவ்வளவு உரம் வாய்ந்தது. அதன் பழத்தைக் கையாளத்தான் பாடம் வேண்டும்.

2. இரண்டு வகை – இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெர்சிமனில் துவர்ப்பு வகை, துவர்ப்பில்லா வகை என இரண்டு உண்டு. கன்று வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது எந்த வகை என்பதுதான்.

துவர்ப்பில்லா வகைக்கு ‘ஃபூயூ’, ‘ஜிரோ’ ஆகியவை எடுத்துக்காட்டு. பழம் தக்காளிபோல் தட்டையாக இருக்கும். நன்கு நிறம் ஏறியதும், கெட்டியாக இருக்கும்போதே ஆப்பிள்போல் நறுக்கிச் சாப்பிடலாம்.

துவர்ப்பு வகைக்கு ‘ஹச்சியா’ எடுத்துக்காட்டு. பழம் நீண்டு, அடி கூம்பி, ஏறத்தாழ இதய வடிவில் இருக்கும். தோல் முழுவதும் செக்கச் சிவந்திருந்தாலும், கெட்டியாக இருக்கும்வரை வாயில் வைக்க முடியாது. விரலால் தொட்டால் தண்ணீர்ப் பைபோல் குழைய வேண்டும். அப்போதுதான் துவர்ப்பு போய் இனிப்பு வெளியே வரும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். காயில் அது எச்சிலில் கரையும் நிலையில் இருக்கிறது. நாக்கிலும் வாயிலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் இழுத்துப் பிடிக்கிறது. கனியும்போது டானின் எங்கும் போய்விடுவதில்லை. கரையாத நிலைக்கு மாறிவிடுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பழுக்கவைக்கும் முறைகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

உருவம் ஓர் அடையாளம் மட்டுமே. தட்டையான பழத்திலும் துவர்ப்பு வகைகள் உண்டு. எனவே பழத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கன்றின் வகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் ஏற்கெனவே பெயர் தெரியாத மரம் நிற்கிறது என்றால், அதைத் துவர்ப்பு வகை என்று எண்ணிக் கையாள்வதே பாதுகாப்பு.

3. எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது

இது குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து ஓய்வெடுக்கும் மரம். ஓய்வுக்கு ஓரளவு குளிர் வேண்டும். ஆப்பிளுக்கு வேண்டிய அளவு குளிர் தேவையில்லை என்பதால்தான் நமது மலையின் நடுத்தர உயரங்களிலும் காய்க்கிறது. கோவை, ஈரோடு, திருச்சியில் இருக்கும் உறவினர்களுக்குக் கன்று வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கவும். சமவெளி வெயிலில் இலை வரும், காய் வருவது அரிது. அங்கே கொய்யா, சப்போட்டா, மாதுளை ஆகியவையே ஏற்றவை.

இடம் தேர்வு செய்யும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

வெயில்: நாளில் பாதியாவது நேர் வெயில் படவேண்டும். சில்வர் ஓக் நிழலில் நட்டால் மரம் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக உயரும்.

வடிகால்: தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகும். நமது வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போது எங்கே குட்டை கட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விலக்குங்கள்.

சரிவு: மரம் நடுவதற்காக வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சரிவில் நடுவதானால், மண்ணை வெட்டி இறக்காமல், கன்றைச் சுற்றிப் பிறை வடிவில் சிறு கல்வரப்பு வைத்தால் போதும். ஏற்கெனவே விரிசல் கண்ட சரிவிலும், கற்கட்டின் விளிம்பிலும் நட வேண்டாம்.

சுவர்: மரம் 15 முதல் 25 அடி வரை உயரும், அகலமும் ஏறத்தாழ அதே அளவு விரியும். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி நடுங்கள். இரண்டு மரங்கள் என்றால் இடையில் 15 முதல் 20 அடி விடுங்கள். கிளை அண்டை வீட்டுக்குள் சாயக்கூடும் என்றால், நடுவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழம் அவர்கள் கூரையில் விழுந்து அழுகிய பிறகு பேசுவதைவிட, குழி தோண்டும் நாளில் பேசுவது எளிது. அண்டை வீட்டாரின் ஹக் என்று நாம் பேசுவது இதுபோன்ற சிறிய காரியங்களையும் சேர்த்துத்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு நடவும். அல்லது பெரிய டிரம்மின் அடியில் துளையிட்டு, அதில் ஒட்டுக்கன்றை வளர்க்கலாம். காய் குறைவாக இருக்கும். வீடு மாறும்போது மரமும் கூடவே வரும்.

4. கன்று வாங்கும்போது

விதைபோட்டு வளர்த்த கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். தாய் மரத்தின் பழம் அப்படியே வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஆகவே ஒட்டுக்கன்றையே வாங்குங்கள். தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளில் முதலில் விசாரியுங்கள். வெளியே வாங்கினால் ஒட்டுப்போட்ட தழும்பு தண்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தழும்பே இல்லாத கன்றை ஒட்டு என்று விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பெர்சிமனின் வேர் இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அழுகிவிட்டது என்று எண்ணிக் கன்றைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறமாக, உறுதியாக இருந்தால் நல்ல வேர். கூழாகி நாற்றம் வந்தால்தான் அழுகல். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் இது. சல்லிவேர் குறைவு. அதனால் ஒருமுறை நட்ட பிறகு இடம் மாற்றிப் பிடுங்கி நடுவது நல்லதல்ல.

5. நடும் முறை

மண் தொட்டியிலோ பையிலோ வளர்ந்த கன்றை ஜூன், ஜூலை மழையில் நடலாம். வேர் மட்டும் உள்ள கன்று என்றால், அது இலையுதிர்ந்து உறங்கும் ஜனவரி மாதமே சரியான காலம்.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணைத் தனியாக வையுங்கள். பதினைந்து நாள் ஆறவிடுங்கள். பிறகு மேல்மண்ணோடு நன்கு மக்கிய சாணம் ஒரு கூடை கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போடக்கூடாது, வேரைச் சுட்டுவிடும்.

தேயிலை விளையும் நமது மண் புளிப்பு மிகுந்தது. பெர்சிமன் இலேசான புளிப்பை விரும்பும், கடும்புளிப்பை விரும்பாது. மண் பரிசோதனை செய்து, அவர்கள் சொல்லும் அளவில் சுண்ணாம்போ டாலமைட்டோ நடுவதற்குச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள். பரிசோதனை இல்லாமல் கண்மதிப்பில் கொட்ட வேண்டாம்.

கன்றின் பையை முழுவதுமாகக் கிழித்து எடுத்துவிடுங்கள். பையோடு புதைக்கும் பழக்கம் வேருக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. ஒட்டுத்தழும்பு மண்மட்டத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். தழும்பு புதைந்தால் ஒட்டின் பயன் கெடும். நட்டதும் மண்ணை மிதித்து இறுக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, காற்றுக்கு ஆடாதபடி ஒரு கம்பு கட்டுங்கள். தண்டைத் தொடாமல் சுற்றிலும் காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்புங்கள்.

6. முதல் நான்கு ஆண்டுகள்

பொறுமை வேண்டிய காலம் இது. முதல் ஆண்டு மரம் வேர்விடுவதிலேயே கவனமாக இருக்கும். மேலே வளர்ச்சி தெரியவில்லை என்று கவலைப்பட்டு உரம் கொட்டாதீர்கள்.

தண்ணீர்: பிப்ரவரி முதல் மே வரை மழையில்லாத வாரங்களில் வாரம் இருமுறை ஊற்றுங்கள். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

உரம்: ஆண்டுக்கு ஒருமுறை, புதுத்தளிர் வருமுன், மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு கூடை. மரம் வளர வளர இரண்டு, மூன்று கூடையாக உயர்த்தலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பிஞ்சு உதிரும்.

கவாத்து: நட்ட கன்றை மூன்றடி உயரத்தில் நுனி கிள்ளி, சுற்றிலும் பரவும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விடுங்கள். பெர்சிமன் கிளை முறியக்கூடியது. கவட்டை குறுகலாக இருக்கும் கிளைகளை இளமையிலேயே நீக்கினால், பின்னாளில் காய்ப் பாரத்தில் பிளப்பதைத் தவிர்க்கலாம். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரை உடனுக்குடன் அகற்றுங்கள்.

மரம் பெரிதான பின் கவாத்து செய்வோர் ஒன்றை மறக்கக்கூடாது. பூ, சென்ற ஆண்டுக் கிளையின் நுனிப்பக்க மொட்டுகளிலிருந்து கிளம்பும் புதுத்தளிரில்தான் வருகிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதுபோல் எல்லா நுனிகளையும் மட்டமாக வெட்டினால், அடுத்த ஆண்டின் பழத்தையே வெட்டியதாகும். காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை மட்டும் இலையுதிர்ந்த காலத்தில் எடுங்கள்.

7. காய்ப்பும் பறிப்பும்

இளவேனிலில் புதுத்தளிரோடு வெளிர்நிறப் பூ வரும். துணைக்கு வேறு மரம் இல்லாமலேயே காய்பிடிக்கும் வகைகள் உண்டு. ஃபூயூ அப்படிப்பட்டது. அதன் பழத்தில் விதையே இல்லாமலும் இருக்கலாம். குறையென்று எண்ண வேண்டாம்.

பிஞ்சு உதிர்வது இயல்பு. முதல் ஆண்டுக் காய்ப்பில் பாதிக்கு மேல் உதிரலாம். தண்ணீர்ப் பஞ்சமும் அதிகத் தழைச்சத்தும் உதிர்வைக் கூட்டும். மாறாக, ஒரு கிளையில் கொத்துக் கொத்தாக நின்றால் நாமே சிலவற்றைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு தளிருக்கு ஒன்றிரண்டு பிஞ்சு போதும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் கிளை முறியும். இந்த ஆண்டு குவிந்து காய்த்த மரம் அடுத்த ஆண்டு வெறுமனே நிற்கவும் கூடும்.

நமது பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிப்புக் காலம். பச்சை முற்றிலும் மறைந்து ஆரஞ்சு நிறம் ஏறிய பின், கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். பழத்தின் தலையிலுள்ள நான்கிதழ்த் தொப்பி பழத்தோடே வரவேண்டும். கையால் பிடித்து இழுத்தால் தொப்பி பிய்ந்து, அந்தக் காயத்தின் வழியே அழுகல் தொடங்கும். மழையில் நனைந்த மரத்தில் ஏற வேண்டாம். கிளை முறியும் மரம் என்று மேலே சொன்னதைச் சிறுவர்களுக்கும் சொல்லிவையுங்கள். எட்டாத பழத்துக்குத் துறட்டியும் பையும் போதும்.

8. துவர்ப்பை நீக்கும் முறைகள்

துவர்ப்பு வகை மரம் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பாடத்தின் மையம்.

முதல் முறை, காத்திருப்பது. பறித்த பழங்களைத் தொப்பி கீழே இருக்குமாறு ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி வையுங்கள். நன்கு குழைந்ததும் உண்ணலாம். ஒரு வாரமோ, மூன்று வாரமோ ஆகும்.

இரண்டாவது, துணைக்குப் பழம் வைப்பது. காகிதப் பையிலோ மூடிய பாத்திரத்திலோ பெர்சிமனோடு இரண்டு வாழைப்பழமோ ஓர் ஆப்பிளோ வையுங்கள். அவை வெளியிடும் எத்திலீன் வாயு பழத்தை விரைவில் கனியவைக்கும். தினமும் திறந்து பார்த்துக் குழைந்தவற்றை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த முறையே போதும்.

மூன்றாவது, உறையவைப்பது. முற்றிய பழத்தைக் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஓர் இரவு வைத்து, எடுத்து இளகவிட்டால் துவர்ப்பு பெரிதும் குறையும். கரண்டியால் ஐஸ்கிரீம்போல் சாப்பிடலாம்.

நான்காவது, வெந்நீர் முறை. சீனத்தில் பழங்காலமாக உள்ளது. ஏறத்தாழ 40 பாகை வெதுவெதுப்பான நீரில், சூடு குறையாமல், 12 முதல் 24 மணி நேரம் மூழ்கவைப்பார்கள். பழம் கெட்டியாகவே இருக்கும், துவர்ப்பு மட்டும் போகும். சூடு கூடினால் பழம் வெந்துவிடும் என்பதால் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஜப்பானில் தொப்பியில் மதுவைத் தடவி மூடிவைக்கும் முறையும் இருக்கிறது. நமக்கு அது தேவையில்லை. மேலே சொன்னவை அதே பயனைத் தருகின்றன. தோலுரித்துக் கயிற்றில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்தும் ‘ஹோஷிகாக்கி’ என்ற முறையும் அங்கே புகழ்பெற்றது. அவர்களுக்குப் பழம் வருவது உலர்ந்த குளிர் தொடங்கும் இலையுதிர்காலத்தில். நமக்கோ மழையில் வருகிறது. திறந்தவெளியில் தொங்கவிட்டால் பூஞ்சைதான் பிடிக்கும்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதது ஒன்று. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்காதீர்கள். அதிலிருந்து எழும் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சார்ந்த நச்சுகள் கலந்திருக்கலாம். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி இப்படிப் பழுக்கவைத்த பழத்தை விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. விற்பனைக்கு அவசரம் என்று யார் சொன்னாலும், நம் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததை அடுத்தவர் பிள்ளைக்கு விற்பது நமக்கு ஆகுமானதல்ல.

சமையல் பற்றி ஒரு குறிப்பு. கனிந்த கூழைச் சூடாக்கினால் மறைந்த துவர்ப்பு திரும்பி வரலாம். ஜாம் காய்ச்சுவோர் முதலில் ஒரு கரண்டி அளவில் காய்ச்சிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய ஃபிர்னியின் மேலும் தயிரிலும் கூழை அப்படியே சேர்ப்பது எளிது.

9. யார் கவனமாக இருக்க வேண்டும்

நல்ல பழம்தான். நார்ச்சத்தும் வைட்டமின் ஏ-க்கு மூலமான சத்தும் இதில் உண்டு. 100 கிராமில் சுமார் 70 கலோரியும், 18 கிராமுக்குச் சற்று அதிகமான மாவுச்சத்தும் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி சர்க்கரை. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அவர்கள் ஒரு வேளைக்குப் பாதிப் பழத்தோடு நிறுத்தி, மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உலர்ந்த பெர்சிமனில் இனிப்பு பலமடங்கு செறிந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இதைவிட முக்கியமானது, துவர்க்கும் காயை நிறையத் தின்பதால் வரும் ஆபத்து. டானின் வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து கட்டியாகி, நாரையும் பிடித்துக்கொண்டு கல்போல் இறுகிவிடக்கூடும். மருத்துவ நூல்களில் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. சிலருக்குக் குடல் அடைப்பு வரை போய் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயால் செரிமானம் மந்தமானவர்கள், பல் இல்லாமல் மென்று தின்ன முடியாத முதியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நஃபில் நோன்பு வைப்பவர்கள், நோன்பு திறக்கும்போது வெறும் வயிற்றில் இந்தப் பழத்தில் தொடங்க வேண்டாம். வழக்கம்போல் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, உணவுக்குப் பின் இதை அளவாக உண்ணலாம். துவர்ப்புக் காயைத் தின்ற பிறகு வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புதல் இருந்தால் கைமருந்து பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

10. கீழே விழும் பழம்

மலையில் வாழும் நமக்கு மட்டும் உரிய பாடம் இது. பெர்சிமன் மணம் மனிதரை மட்டும் அழைப்பதில்லை. குரங்குக்கும் வௌவாலுக்கும் அடுத்தபடியாகக் கரடியையும் அழைக்கும். குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் குடியிருப்புக்குள் கரடி வருவது இப்போது புதுச் செய்தியல்ல. மரத்தடியில் அழுகிக் கிடக்கும் இனிப்பான பழம் அதற்கு விருந்து. பஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்வோரும் அதிகாலையில் தேயிலைத் தோட்டம் போகும் பெண்களும் நடப்பது அதே வழியில்தான். ஒரு வீட்டின் அலட்சியம் இன்னொரு வீட்டின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

எனவே பருவம் முடியும்வரை தினமும் மாலை அஸருக்குப் பின் மரத்தடியைக் கூட்டி, விழுந்த பழங்களை மூடியுள்ள பழைய டின்னில் சேர்த்து, வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் மட்கும் குப்பையாகக் கொடுத்துவிடுங்கள். திறந்த குழியில் கொட்ட வேண்டாம். இதனால் பழ ஈயின் பெருக்கமும் குறையும். பழங்களை மரத்திலேயே கனியவிடாமல், நிறம் ஏறியதும் பறித்து வீட்டுக்குள் கனியவையுங்கள். கரடி நடமாட்டம் தெரிந்தால் விரட்டப் போகாதீர்கள். கதவை மூடிக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேலிக்கு மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம், மனித உயிருக்கும் எமன்.

11. மிஞ்சுவதைப் பகிர்தல்

நன்றாகக் காய்த்த மரம், ஒரு குடும்பம் உண்டு தீர்க்க முடியாத அளவு கொடுக்கும். மூன்றே வாரத்தில் எல்லாம் கனியும். ஆகவே பறிப்பதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று எண்ணி வையுங்கள். அண்டை வீட்டார், எந்த மதத்தவராயினும், முதல் உரிமை உடையவர்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் அடுத்து. கொடுக்கும்போது பழம் மட்டும் கொடுத்தால் போதாது. “குழைந்த பிறகுதான் சாப்பிட வேண்டும்” என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்த துவர்ப்புக் காய், அன்பளிப்புக்குப் பதில் மனக்கசப்பைத்தான் கொண்டுபோகும்.

விற்க விரும்புவோர் கெட்டியாக இருக்கும்போதே, அடியில் வைக்கோலோ காகிதமோ இட்டு ஒரே அடுக்காகக் கூடையில் வையுங்கள். துவர்ப்பு வகையா, துவர்ப்பில்லா வகையா என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது வியாபார நேர்மை. குறையை மறைக்காத வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது.

வீட்டில் கலந்து பேச

குழந்தைகளோடு அமர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடியுங்கள்.

1. துவர்ப்பு வகைப் பழம் உண்ணத் தயாரா என்பதை எப்படி அறிவீர்கள்?
2. கன்றின் வேர் கறுப்பாக இருந்தால் அது அழுகியதா, இல்லையா? எப்படிச் சோதிப்பீர்கள்?
3. எல்லா நுனிகளையும் வெட்டினால் அடுத்த ஆண்டு ஏன் காய் குறையும்?
4. மரத்தடியை மாலையில் கூட்டுவதால் நம் தெருவில் யார் யாருக்குப் பாதுகாப்பு?
5. நம் வீட்டில் மரம் இருந்தால், முதல் கூடைப் பழம் யாருக்குப் போக வேண்டும்?

கொல்லையில் ஏற்கெனவே பெர்சிமன் மரம் வைத்திருப்பவர்கள், அது காய்த்ததும் துவர்த்தது என்பதற்காகக் கோடாரியை எடுக்கும் முன், இந்தப் பக்கத்தை இன்னொருமுறை படியுங்கள். புதிதாக நட விரும்புவோர் ஜூன் மழைக்குள் குழியைத் தயார் செய்துகொள்ளுங்கள். நாம் நடும் மரத்தின் முழுக் காய்ப்பையும் ருசிக்கப்போவது அநேகமாக நம் பிள்ளைகள்தாம். நமது கொல்லைகளில் நிற்கும் பேரி மரங்களையும் நமக்கு முன்னிருந்தோர் அப்படித்தான் நட்டுவிட்டுப் போனார்கள்.

அல்லாஹ் நம் உழைப்பையும் நாம் பகிர்வதையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.